ஒளிவிழாவுக்கு வசனம் எழுதுதல்

கார்த்திகை மாதம் கழியும் தறுவாயில் ஒவ்வொரு வருடமும் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்துசேரும். அனுப்புகிறவர்கள் மாறுவார்கள், செய்தி மாறாது. டிசெம்பர் 25 ஈஸா நபி (அலை) அவர்கள் பிறந்த நாளல்ல. அது உரோமர் வணங்கிய சூரியனின் பிறந்தநாள். நத்தார் மரம் பழைய ஜெர்மானியரின் மரவணக்கம். ஆகவே நத்தாருக்கு வாழ்த்துச் சொல்பவன் தன்னை அறியாமலே சூரியனுக்கு வாழ்த்துச் சொன்னவன் ஆகிறான் என்று அது முடியும். கடந்த முறை அதை அனுப்பியவன் எனது ராத்தாவின் மகன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவன், மத்ரஸாவில் ஓதி முடித்தவன், நல்ல பிள்ளை. "மாமா, நீங்க வாத்தியார். புள்ளைகளுக்கு உண்மையைத்தானே சொல்லணும்" என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்.

அந்த வரிக்குக் காரணமுண்டு. நான் படிப்பிப்பது வடமராட்சிக் கரையோரத்தில் ஒரு சிறிய பாடசாலை. பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் றோ.க.த.க. என்று இருக்கும். றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் என்பதன் சுருக்கம். ஆனால் அரசாங்கப் பாடசாலைதான். பிள்ளைகளில் பெரும்பான்மையினர் கடற்றொழிலாளரின் பிள்ளைகள், கத்தோலிக்கர். மார்கழியில் அங்கு ஒளிவிழா நடக்கும். வடக்கிலே பாடசாலைகள் நத்தாரை அந்தப் பெயரால்தான் கொண்டாடுகின்றன. மேடையில் பாலன் பிறப்பு நாடகம் கட்டாயம் இருக்கும். தமிழ்ப் பாடத்துக்கு வேறு ஆளில்லாத காரணத்தால், 2014ஆம் ஆண்டு முதல் அதற்கு வசனம் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சோனகதெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் ஒரு முஸ்லிம் வாத்தியார் பாலன் பிறப்புக்கு வசனம் எழுதுகிறான் என்பதை எனது மருமகன் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான்.

அவனுக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அவன் உண்மையைச் சொல்லச் சொல்கிறான். உண்மை ஒரு வரியில் அடங்குவதாக இல்லை.

முதலில் செய்தியில் சரியாக உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். இன்ஜீலின் நான்கு ஏடுகளிலும் பிறந்த திகதி இல்லை. முதல் இரண்டு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் இந்நாளைக் கொண்டாடியதற்கும் சான்றில்லை. ஏறத்தாழ கி.பி. 200இல் அலெக்சாந்திரியாவில் எழுதிய கிளெமெந்து என்பவர் தம் காலத்தில் சிலர் கணித்த திகதிகளைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று மே மாதத்தில் வருகிறது. டிசெம்பர் 25 என்ற குறிப்பு உரோம் நகரில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தில்தான் முதலில் கிடைக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்பர். வேடிக்கை என்னவென்றால், அதே ஏட்டின் இன்னொரு பகுதியில் அதே டிசெம்பர் 25க்கு எதிரே 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்றும் முப்பது தேரோட்டங்கள் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. வெல்லப்படாதவன் என்பது சூரியன். அவனுக்கு 274இல் அவுரேலியன் என்ற சக்கரவர்த்தி பெருங்கோயில் எடுத்திருந்தான். ஒரே ஏட்டுக்குள் இரண்டு பிறப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. எது எதைப் பார்த்து வந்தது என்பதில் ஆய்வாளர் இன்றுவரை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மார்ச் 25இல் கருவுற்றதாகக் கணித்து, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி இத்திகதிக்கு வந்தார்கள் என்று வாதிடுகிறவர்களும் உளர். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஐத்தான் கொண்டாடுகிறது.

ஆனால் சூரியனின் வாடை அந்த நாளில் இருந்தது உண்மை. ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் லியோ தமது நத்தார்ப் பிரசங்கம் ஒன்றில், பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறிவந்து, உள்ளே நுழையுமுன் திரும்பி உதயசூரியனுக்குத் தலைவணங்குகிற கிறிஸ்தவர்களைக் கண்டிக்கிறார். மருமகனின் செய்தியைப் பதினைந்து நூற்றாண்டுக்கு முன்னரே பாப்பரசரே எழுதிவிட்டார் எனலாம்.

அந்த நாளுக்குச் சூரியன் ஏன் வந்தான் என்பதைக் கரும்பலகையில் படம்போட்டுக் காட்டுவதுண்டு. உரோம் நகரில் கோடைகாலத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் ஆறு மணித்தியாலம் வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவே. அங்குள்ளவன் குளிரிலும் இருளிலும் கிடந்து, சூரியன் திரும்பி வருவானா என்று ஏங்கினான். எங்கள் பிள்ளைகளுக்கு மார்கழியில் சூரியன் தெரியாததற்குக் காரணம் வடகீழ்ப் பருவமழை மட்டும்தான். அதனாற்றான் சவுக்கு மரக்கிளையில் பஞ்சை ஒட்டி 'இது பனி' என்று சொல்லும்போது, சவுக்குக் கிளையில் உண்மையான மழைத்துளி சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சூரியன் தெற்கே போய்த் திரும்புவதைத் தமிழரும் கொண்டாடுகிறோம், தைப்பொங்கல் என்கிறோம். சூரியன் மகரராசியில் புகும் நாள் அது. இன்றைக்கு அந்த நாளுக்கும் உண்மையான குறும்பகல் நாளுக்கும் இடையே இருபத்துநான்கு நாள் அளவில் விலகல் இருக்கிறது. இந்த விலகல் எழுபது வருடத்துக்கு ஒரு நாளாக ஏறிவருவது. பின்னோக்கிக் கணக்கிட்டால் இரண்டும் ஒரே நாளில் வந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில். அதாவது அவுரேலியன் தன் சூரியனுக்குக் கோயில் கட்டிய காலத்தையொட்டி. உரோமாபுரியின் சூரியனும் எங்கள் வயல்வெளியின் சூரியனும் அப்போது ஒன்றாகத் திரும்பியிருக்கிறார்கள். பிறகு பஞ்சாங்கங்கள்தான் அவர்களைப் பிரித்தன. பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப சேர், நத்தாரும் பொங்கலும் கூடப்பிறந்ததுகளோ?" என்று கேட்டாள். சொந்தக்காரர் என்று வைத்துக்கொள் என்றேன்.

நத்தார் என்ற சொல்லும் அப்படித்தான். போர்த்துக்கேயர் நத்தால் என்றார்கள். அது பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சூரியனுக்கு எதிரே அந்தப் பழைய பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் அதே சொல்தான். தமிழ்நாட்டில் இச்சொல் புழக்கத்தில் இல்லை. எங்கள் நாட்டில் இருக்கிறது. கதிரை, யன்னல், குசினி, பாண், சப்பாத்து எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொற்பிறப்பு படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர், ஒரு சொல்லின் வேரைக் கண்டுபிடித்ததும் அதன் பொருளையும் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே மொழிவாத்தியாரின் பெரிய வியாதி என்பார். மருமகனின் செய்தியை வாசிக்கையில் அவர் ஞாபகம்தான் வந்தது.

இந்தச் செய்திக்கும் ஒரு வேர் இருக்கிறதல்லவா? அதைத் தேடிப் பார்த்தேன். நத்தார் புறச்சமயத்தாரின் பண்டிகை என்ற வாதத்தை உரக்கச் சொன்னவர்கள் முஸ்லிம்களல்லர், கிறிஸ்தவர்களே. இங்கிலாந்தின் தூய்மைவாதப் புரட்டஸ்தாந்தர் 1647இல் பாராளுமன்றச் சட்டத்தாலேயே நத்தாரை ஒழித்தார்கள். கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறிய அவர்களின் உறவினர் மசாசூசெற்ஸில் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தார்கள். 1681இல்தான் அச்சட்டம் நீங்கிற்று. பொஸ்ரன் நகரின் போதகர் இன்கிரீஸ் மாதர் 1687இல் வெளியிட்ட நூலில், உரோமரின் சனிக்கடவுள் விழாவைக் கைவிட மனமில்லாமலே அதே காலத்தில் நத்தாரை வைத்தார்கள் என்று எழுதினார். வட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் அவருடைய வாதமே. எங்கள் துண்டுப்பிரசுரத்துக்கு வாப்பா ஒரு பொஸ்ரன் பாதிரியார் என்று மருமகனுக்கு எழுதினேன். பகிடிதான். அவன் சிரிக்கவில்லை.

அந்தப் பாதிரியாரின் மரபு யாழ்ப்பாணத்துக்கும் வந்தது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்துத் திருச்சபை மரபினர். வட்டுக்கோட்டைச் செமினரியையும் உடுவில் பெண்கள் பாடசாலையையும் உதயதாரகைப் பத்திரிகையையும் எமக்குத் தந்தவர்கள். அவர்கள் புறப்பட்டுவந்த மசாசூசெற்ஸில் நத்தார் சட்டப்படி விடுமுறையானது 1856இல்தான். அவர்கள் வந்து நாற்பது வருடம் கழித்து! மரமும் சோடனையும் பாட்டுமாக வந்த பெருநாளை அவர்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கப்பலேறியிருக்க நியாயமில்லை. இன்று அதே திருச்சபையின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் கரோல் பாடல் ஆராதனைக்குப் போனால் நிற்க இடமிராது.

அவர்களுக்கு முன்னால் ஒல்லாந்தர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். இன்கிரீஸ் மாதரின் நூல் வெளிவந்த அதே 1687இல்தான் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குருவானவர் ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் வீடுவீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படை சுற்றிவளைத்துப் பிடித்தது, பலர் சிறைப்பட்டார்கள். குருவானவர் தப்பினார். நத்தார் கொண்டாடியதற்காக மனிதர்கள் வதைபட்ட இரவு இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எமது ஊர்ப் பிள்ளைகளும் பஸ் பிடித்துப் போனார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய அந்தக் குருவானவர் எங்கே போனார் தெரியுமா? புத்தளத்துக்கு. 1690இல். அப்போது அது கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்தது. ஒல்லாந்தரின் கை அங்கு எட்டாது. சரியாக முந்நூறு வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், நாங்களும் அதே திசையில் நடந்தோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. வெளியேற்றத்தைப் பற்றி இந்த ஏட்டின் பக்கங்களில் என்னைவிட வலுவாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதை நான் மறுபடி எழுதப்போவதில்லை. ஒரு சிறு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் நாங்கள் இருந்த முதல் மார்கழி. அந்தத் தீபகற்பம் முழுக்கக் கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் முகாமுக்கு வந்தார். தலையில் ஒரு கடகம். அதற்குள் அரிசிமா, சீனி, பயறு, நாலைந்து தேங்காய். சமைத்த பொருள் ஒன்றும் இல்லை. "எங்கட சட்டியில செஞ்சா நீங்க தின்ன யோசிப்பீங்க. நீங்களே செஞ்சு புள்ளைகளுக்குக் குடுங்க. நாளைக்கு எங்களுக்குப் பெருநாள், இங்க உள்ள புள்ளைகள் வெறும் வாயா இருந்தா எனக்குத் தின்ன ஏலாது" என்றார். உம்மம்மா கடகத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நாங்கள் வந்து இரண்டு மாதமாகியும் உம்மம்மா அழுததை நான் பார்த்ததில்லை. மறுநாள் பயற்றம் உருண்டை கிடைத்தது. அன்று நான் தின்றது சூரியக் கடவுளின் பிரசாதம் என்று மருமகன் சொல்வானாகில், அவனுடைய உம்மாவும் அதைத் தின்றவள்தான். என்னைவிட இரண்டு உருண்டை கூட.

இதை வைத்து மட்டும் அவனுக்குப் பதில் சொன்னால் அது உணர்ச்சிவசப்பட்ட பதிலாகிவிடும். அவன் மார்க்கத்தின் பெயரால் கேட்கிறான். மார்க்கத்திலிருந்தே பதில் சொல்லவேண்டும். ஸபா, மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஹாஜிகள் ஓடுகிறார்கள். ஜாஹிலிய்யாக் காலத்தில் அக்குன்றுகளில் சிலைகள் இருந்தன. இஸ்லாம் வந்ததும் அன்ஸாரித் தோழர்கள் சிலர் அங்கு ஓடத் தயங்கினார்கள். அது அறியாமைக் காலத்துச் சடங்கு என்று அவர்களுக்குப் பட்டது. அந்தத் தயக்கத்தை நீக்கவே பகரா அத்தியாயத்தில் ஒரு வசனம் இறங்கியது என்பதை புகாரியில் அனஸ் (ரலி), ஆயிஷா (ரலி) ஆகியோரின் அறிவிப்புகளில் காணலாம். அந்த ஓட்டம் அன்னை ஹாஜரின் ஓட்டம். இடையில் வந்து குந்திய சிலைகள் அதனைத் தமதாக்கிவிடவில்லை. இந்த ஒன்றை வைத்து நத்தாரை ஹலாலாக்க நான் வரவில்லை. அது இறைவனின் தீர்ப்பினால் தூய்மையானது; இது வேறு சமூகத்தாரின் பெருநாள். நான் சொல்வது இவ்வளவுதான்: 'முன்பு அங்கே சிலை இருந்தது' என்ற ஒற்றை வாக்கியம் எமது மார்க்கத்திலேயே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடவில்லை.

இன்னும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. ஜும்ஆத் தொழுகைக்கு நாங்கள் போகும் நாளைத் தமிழில் என்னவென்கிறோம்? வெள்ளி. வெள்ளி ஒரு கிரகம். அதற்குச் சுக்கிரன் என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறவர்கள் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகிறோம் என்று சொல்லும்போது யாராவது கிரகத்தை நினைக்கிறோமா? கத்தோலிக்கப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் சூரியனை நினைப்பதில்லை.

என்றாலும் மருமகனின் பயம் அவன் கண்டுபிடித்ததல்ல, அது முட்டாள்தனமானதுமல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பயணி இப்னு ஜுபைர், 1184ஆம் ஆண்டு நத்தாரின்போது சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருந்தார். கிறிஸ்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டும் முகத்திரையும் மருதோன்றியுமாக முஸ்லிம் பெண்களைப் போலவே தேவாலயத்துக்குப் போவதைக் கண்டு வியந்து எழுதுகிறார். அடுத்த நூற்றாண்டில் மொரோக்கோக் கரையிலுள்ள சப்தா நகரில் நிலைமை மறுபுறமாக இருந்தது. முஸ்லிம்கள் நத்தாருக்குப் பலகாரம் செய்து கொண்டாடினார்கள். அந்நகரின் அறிஞர் அபுல் அப்பாஸ் அல் அஸபி இதனைக் கண்டு கவலைப்பட்டார். அவர் எடுத்த வழி விசித்திரமானது: தடை என்று சொல்லி நிறுத்தாமல், எமது நபி (ஸல்) அவர்களின் பிறந்தநாளைக் கொண்டாடுங்கள் என்று அதற்காகவே ஒரு நூல் எழுதினார். மேற்கு நாடுகளில் மீலாத் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். டமஸ்கஸில் இப்னு தைமிய்யா கடுமையாக மறுத்து எழுதினார். அவ்வளவு கடுமை தேவைப்பட்டதிலிருந்தே அவருடைய ஊர் முஸ்லிம்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விளங்குகிறது. எமது காலத்தில் யூசுப் அல் கர்ளாவி, வணக்கத்தில் பங்குகொள்ளாமல் வாழ்த்துச் சொல்வதில் தவறில்லை என்றார். இவர்களெல்லாரும் விவாதித்தது அண்டை வீட்டுக்காரனோடு எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதைத்தான். வட்ஸ்அப் செய்தியில் அண்டை வீட்டுக்காரன் இல்லை, அவுரேலியன்தான் இருக்கிறான்.

எமது ஊரில் அவுரேலியனை யாருக்கும் தெரியாது. அங்குள்ள நத்தாரை யுத்தமும் கடலும்தான் உருமாற்றின. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத தொண்ணூறுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, அதைக் கடதாசி நட்சத்திரத்துக்குள் தொங்கவிட்டதாகவும், ஊரடங்கினால் நள்ளிரவுப் பூசையைப் பின்னேரம் நாலு மணிக்கு வைத்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது கனடாவிலிருந்து காசு வருகிறது. பால்குடிலைக்கூடக் கடையில் பிளாஸ்ரிக்கில் வாங்கிவிடலாம். வைக்கோலும் பனையோலையும் வைத்துச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். திருவெம்பாவைக் காலமும் கிட்டத்தட்ட அதே நாட்களில் வருவதால், விடியப்புறம் பக்கத்து ஊரின் சங்கும் சேமக்கலமும் கேட்கும். இரவானால் இந்த ஊரில் நத்தார் பாப்பாவை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரத்தில் கரோல் வரும்.

ஆனால் 25ஆம் திகதி இரவே நட்சத்திரங்களைக் கழற்றிவிடுகிற வீடுகள் அங்கு இருக்கின்றன. வேறிடங்களில் மூவரசர் திருநாள் வரை தொங்கும். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தார் முடிந்த மறுநாள் காலை, ஆட்கள் கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த பொழுது. வடமராட்சி கிழக்கில் ஆழிப்பேரலை என்ன செய்தது என்பதை உடுத்துறை நினைவாலயத்தில் போய்ப் பார்க்கலாம். என் வகுப்பில் படித்த ஒரு பையனின் அம்மா, தம் மூத்த பிள்ளைக்கு நத்தாருக்குத் தைத்த சட்டையை இன்னும் வைத்திருக்கிறார். 26ஆம் திகதி 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். அந்த ஊரில் மௌனம் முதல்நாள் இரவே தொடங்கிவிடும். 'நத்தாரின் தோற்றம்' பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்த மாற்றம் வராது.

பிறகு 2019. உயிர்த்த ஞாயிறு, ஏப்ரல் 21. தேவாலயங்களில் வெடித்த குண்டுகளை வெடிக்கவைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப்போல் இருந்தன. பாடசாலை மீண்டும் திறந்த நாளில் நான் கேற்றடியில் எனது பையைத் திறந்து காட்டினேன். எல்லா ஆசிரியர்களும் திறந்து காட்டினார்கள்தான், ஆனால் என்னுடையது திறந்தபோது மட்டும் பின்னால் நின்ற பெற்றோரின் பேச்சு நின்றது. எவரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. சொல்லாததுதான் கனத்தது. அந்த வருட ஒளிவிழா நெருங்கியபோது, வேறு யாரையாவது கொண்டு நாடகத்தை எழுதுவியுங்கள் என்று நானே அதிபரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் கேட்போம் என்றார். கூட்டத்தில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. வலை திருத்துகிற ஒரு வயதானவர், இரண்டு பேரப்பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள், எழும்பி, "ஏன், சேருக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். சுகம்தான் என்று அதிபர் சொன்னார். "அப்ப அவரே எழுதட்டும். பிறகு புதுசா ஆரேனும் எழுதினா இந்தப் பெடியள் பாடமாக்க மாட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

நான் எப்படி எழுதுகிறேன் என்பதையும் மருமகனுக்குச் சொன்னேன். வானதூதரின் வாயில் 'இறைமகன்' என்ற சொல் வரவேண்டிய இடத்தைப் புள்ளியிட்டு வெற்றிடமாக விட்டுவிடுவேன். மறைக்கல்வி படிப்பிக்கிற ரீச்சர் தன் கையெழுத்தில் அதை நிரப்புவார். அவரிடம் இதைப்பற்றி நான் ஒருபோதும் விளக்கியதில்லை, அவரும் கேட்டதில்லை. கையெழுத்துப் பிரதியில் என் நீல மையும் அவரின் கறுப்பு மையும் தனித்தனியாகத் தெரியும். பூசை நடக்கும்போது நான் வெளியே பிள்ளைகளின் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நாடகத்தில் நான் சேர்த்தது ஒன்று உண்டு. கடந்த வருட ஒத்திகையில், மரியாளாக நடிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை, "சேர், உங்கட வேதத்திலையும் மாதா இருக்கிறாவாமே, அதில என்ன செய்யிறா?" என்று கேட்டது. ஒரு முழு அத்தியாயமே அவரின் பெயரில் இருக்கிறது என்றேன். அபிசீனியாவுக்கு அகதிகளாகப் போன முதல் முஸ்லிம்கள், தங்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று அங்குள்ள கிறிஸ்தவ அரசனிடம் கேட்டபோது ஜஃபர் (ரலி) ஓதிக்காட்டியது அதைத்தான் என்றேன். அதில் மாட்டுத்தொழுவம் இல்லை. வலியோடு தனியே நிற்கிற ஒரு தாயும், பற்றிக்கொள்ள ஒரு மரமும், காலடியில் ஓடும் நீரும், உலுக்கினால் விழுகிற பழமும் இருக்கின்றன என்றேன்.

"பனையோ சேர்?"

"பேரீச்சை."

"எங்களிட்டப் பனைதானே இருக்கு."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யெருசலேமிலிருந்து பெத்லகேம் போகும் வீதியோரத்தில் 1992இல் தற்செயலாக ஒரு பழைய தேவாலயத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. பெத்லகேமுக்குப் போகும் வழியில் மர்யம் (அலை) இளைப்பாறியதாக நம்பப்பட்ட பாறையைச் சுற்றி ஐந்தாம் நூற்றாண்டில் எட்டுப்பட்டையாகக் கட்டப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில் அதன் தென்புறத்தில் முஸ்லிம்கள் தொழுவதற்கு ஒரு மிஹ்ராபும் அமைத்திருக்கிறார்கள். தரையில் அக்காலத்துக் கல்லோவியத்தில் குலைகுலையாகக் காய்த்த ஒரு பேரீச்சமரம். ஒரு கூரையின் கீழ் அவர்கள் பூசை வைத்தார்கள், இவர்கள் தொழுதார்கள். நடுவில் அந்த மரம் இருந்தது. இதைப் பங்குத்தந்தையிடம் சொல்லி, பெத்லகேமுக்குப் போகும் வழிக் காட்சியில் ஒரு மரத்தை வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம் என்றார். பனையோலை வெட்டி, சணல் சாக்கைச் சுற்றி மரம் செய்தோம். உண்மையில் அது பனையுமில்லை, பேரீச்சையுமில்லை. மரியாள் வந்து அதில் சாய்ந்துகொண்டாள். சனம் அமைதியாகப் பார்த்தது.

படத்தை மருமகனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், "மரத்துக்குள்ள யாரு மாமா, காலு தெரியுது" என்று மட்டும் கேட்டிருந்தான். எட்டாம் வகுப்புப் பையன், வலை திருத்துகிற பெரியவரின் பேரன் என்று எழுதினேன். அவனுக்கு என்னோடு இன்னமும் மனத்தாங்கல். இவ்வளவு நேரம் சாக்குக்குள் வேர்த்துக்கொண்டு நின்றவனுக்கு ஒரு வசனம்கூட எழுதவில்லையாம். இந்த முறை கட்டாயம் வேண்டுமென்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.